கல்லுக்குழியும் கடற்கரையும்: போல் தெரணியகல என்றொரு மனிதர்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு தெரணியகலை என்றால் ஓர் ஊர். கேகாலை மாவட்டத்தில் றப்பரும் தேயிலையும் மாறிமாறி வரும் மலைகளுக்கு நடுவே, மழை முழுதாக விட்டுப்போகாத ஒரு சிறு நகரம். சம்பளம் கிடைத்த மறுநாள் சாமான் வாங்க இறங்கும் இடம். எட்டியாந்தோட்டைப் பக்கம் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் பஸ் மாறும் இடம். அதே பெயரில் ஒரு மனிதர் இருந்தார் என்பதும், எங்கள் சப்ரகமுவவின் மண்ணுக்கடியில் நீர்யானையும் காண்டாமிருகமும் கிடக்கின்றன என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான் என்பதும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் தெரியவரவில்லை. தெற்குக் கரையில், ஆமை முட்டைக்குக் காவல் இருந்த ஒரு பருவத்தில்தான் தெரியவந்தது.

பல்கலைக்கழகத்தில் உள்ளகப் பயிற்சிக்கு இடம் தேடும் காலத்தில் என்னோடு படித்த தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போனார்கள். நான் கடலாமைப் பாதுகாப்பு வேலைக்குப் போனேன். இரத்தினபுரி மாவட்டத்தின் ஒரு றப்பர் தோட்டத்திலிருந்து கடலுக்குப் போவது என்பதே வீட்டில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது. அம்மாயிக்கு விளங்கவே இல்லை. ஆமை முட்டை போட்டால் அதற்கு எதற்கு ஒரு பட்டதாரி என்பது அவருடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். அந்தப் பருவம் முழுக்க நான் செய்தது இரவில் மணலில் நடப்பது, வெள்ளை வெளிச்சம் அடிக்காமல் சிவப்பு விளக்கைப் பிடிப்பது, ஏறி வந்த ஆமையின் ஓட்டை அளப்பது, முதுகின் பக்கத் தகடுகளை எண்ணுவது, கூட்டின் இடத்தைக் குறிப்பது, ஐம்பது அறுபது நாள் கழித்துக் குஞ்சு வெளியே வந்ததும் வெறும் ஓடுகளைத் தோண்டி எண்ணுவது.

பக்கத் தகடுகளை ஏன் எண்ணவேண்டும் என்று கேட்டபோதுதான் அந்தப் பெயர் வந்தது. ஐந்து சோடி என்றால் பெருந்தலை ஆமை. ஆறோ அதற்கு மேலோ என்றால் பங்குனி ஆமை என்று கரையோரத் தமிழர் சொல்லும் சிறிய ஆமை. நீண்டகாலம் இவை இரண்டும் ஒன்றோடொன்று குழப்பப்பட்டுக் கிடந்தன. இவை வேறு வேறு என்று 1930களில் ஓடுகளையும் எலும்புகளையும் வைத்து உறுதியாக எழுதியவர்களில் முக்கியமானவர் கொழும்பு நூதனசாலைக்காரர் ஒருவர். போல் எட்வட் பீரிஸ் தெரணியகல.

அவர் 1900ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி பிறந்தார். தோட்டத்துக்கும் அவருடைய வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மறைக்கத் தேவையில்லை. தகப்பனார் சேர் போல் ஈ. பீரிஸ், சிவில் சேவை அதிகாரி. போர்த்துக்கேயர் கால இலங்கை வரலாற்றைப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதியவர். தாயார் ஒபேசேகர குடும்பம். ஒரு சகோதரர் ஜஸ்டின் தெரணியகல, '43 குழு'வின் ஓவியர்களில் ஒருவர். கல்கிஸ்ஸை சென்ற் தோமஸ் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ் திரினிற்றி கல்லூரி, அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஹார்வர்ட். இப்படிப் படித்துவந்த இன்னொருவர் சட்டத்தரணியாகவோ அரசியல்வாதியாகவோ ஆகியிருப்பார். அந்தக் காலத்துக் கொழும்பில் அதுதான் வழமை. இவர் மீன்களையும் ஆமைகளையும் அளக்கப் போனார்.

நாடு திரும்பியதும் கடல்வாழ் உயிரினங்கள் தொடர்பான அரசுப் பணியில் சேர்ந்தார். 1930இலேயே இலங்கையின் ஆமைகள் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை வெளிவந்துவிட்டது. 1939இல் வெளிவந்த 'இலங்கையின் நாற்கால் ஊர்வன' என்ற ஆங்கில நூலின் முதல் தொகுதி ஆமைகளையும் முதலைகளையும் பற்றியது. எங்கள் பயிற்சி முகாமில் அதன் நிழற்பிரதி ஒன்று, ஓரமெல்லாம் ஈரத்தில் ஊதி, பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. அது எழுதப்பட்டு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் சந்தேகம் வந்தால் அதைத்தான் புரட்டினோம். அதில் முட்டையின் அளவு, கருவின் வளர்ச்சி, குஞ்சின் தகடுகள் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார்.

அவருக்கு மிகவும் பிடித்த பிராணி எது என்று என்னைக் கேட்டால் ஏழுவரி ஆமை என்று சொல்வேன். தோணியாமை என்றும் சொல்வார்கள். கடலாமைகளிலேயே பெரியது, நானூறு ஐந்நூறு கிலோ எடையை எட்டும். மற்ற ஆமைகளைப்போல் கெட்டியான ஓடு அதற்கு இல்லை. தோல் மூடிய முதுகில் நீளவாக்கில் ஏழு வரிகள் ஓடும். அதன் குஞ்சை வளர்ப்பது மிகக் கடினம். ஆழ்கடல் பிராணி என்பதால் சுவர் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. தொட்டியில் விட்டால் சுவரை முட்டி முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட குஞ்சுகளை தெரணியகல வளர்த்து, அவை எப்படி வளர்கின்றன என்று அளந்து எழுதினார். இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதற்காக குஞ்சுகளை நாள்கணக்கில் தொட்டியில் வைத்திருக்கும் இடங்கள் தெற்கில் உண்டு. பொரித்த உடனே கடலுக்கு ஓடுவதற்கென்று குஞ்சுக்குள் இருக்கும் பலம் அந்த நாட்களில் வீணாகிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு பிராணியை அறிவதற்காகத் தொட்டியில் வைப்பதும் டிக்கெட் விற்பதற்காக வைப்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

ஆனால் அவரை வெறும் கடல்காரராக விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். என் ஊருக்கு அவர் வந்த வழி வேறு.

இரத்தினபுரியில் கல்லுக்குழி தோண்டுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்மண், களி எல்லாம் தாண்டி இறங்கினால் 'இல்லம்' என்று சொல்லும் கூழாங்கல் படை வரும். மாணிக்கம் அதில்தான். குழியின் பக்கங்கள் சரியாமல் இருக்க மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, இடைவெளிகளில் கெகில்ல செடியை அடைப்பார்கள். இல்லத்தை மேலே இழுத்து, கூடையில் போட்டு, தண்ணீரில் சுழற்றிக் கழுவுவார்கள். ஒளிர்கிறதா என்றுதான் எல்லாக் கண்ணும் பார்க்கும். ஒளிராதது ஓரத்துக்குப் போகும். அப்படி ஓரத்துக்குப் போனவற்றில் கறுத்துக் கல்லாகிப்போன எலும்புத் துண்டுகளும் பற்களும் இருந்தன.

தெரணியகல அந்த ஓரத்துக் குப்பையைத்தான் தேடி வந்தார். 1930களில் தொடங்கி கல்லுக்குழிகளில் கிடைத்த பற்களையும் எலும்புகளையும் சேர்த்து, அவற்றிலிருந்து ஓர் உலகத்தையே கட்டினார். இன்று இலங்கையில் காட்டு நீர்யானை இல்லை, காண்டாமிருகம் இல்லை, சிங்கம் இல்லை. ஆனால் பனிக்காலங்கள் வந்துபோன அந்தப் பழைய யுகத்தில் களுகங்கைப் பள்ளத்தாக்கில் ஆறு வெட்டுப்பற்கள் கொண்ட நீர்யானை சேற்றில் கிடந்தது. காண்டாமிருகங்களில் இரண்டு வகையை அவர் பிரித்தார். யானையின் பழைய உறவுகளையும் காட்டெருமைகளையும் அடையாளம் கண்டார். விஞ்ஞானிகள் இதை 'இரத்தினபுரி விலங்குத் தொகுதி' என்றே அழைக்கிறார்கள். நாங்கள் பால் வெட்டப் போகும் மலைக்குக் கீழே ஒரு சவன்னா புதைந்திருக்கிறது.

இந்த விலங்குகளில் பலவற்றுக்கு அவர் 'சிங்ஹலேயுஸ்' என்று பெயர் வைத்தார். நீர்யானைக்கும் அதே பெயர், காண்டாமிருகத்துக்கும் சிங்கத்துக்கும் அதே பெயர். பிறகு முதலையின் ஓர் உபவகைக்கு 'கிம்புல' என்று நேரடியாகச் சிங்களச் சொல்லையே வைத்தார். காலனித்துவ காலத்தில், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வெள்ளைக்கார துரையின் பெயர் ஒட்டப்பட்ட காலத்தில், உள்ளூர்ச் சொல்லை லத்தீன் வரிசைக்குள் நுழைத்தது துணிச்சல்தான். அதேசமயம், எந்த மொழியும் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு காண்டாமிருகத்துக்கு இனத்தின் பெயர் வைக்கப்பட்டிருப்பதைத் தமிழில் வாசிக்கும்போது எனக்கு ஒரு மெல்லிய சிரிப்பு வரும். குற்றம் சொல்லவில்லை. அந்தத் தலைமுறை அப்படித்தான் நாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

சிங்கத்தின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். குருவிட்டவில் கிடைத்த இரண்டே பற்களை வைத்து 1939இல் இலங்கைச் சிங்கம் என்ற ஓர் உபவகையை அவர் விவரித்தார். பற்கள் சிங்கத்தினுடையவை என்பதற்கு நீளமாக வாதாடினார். ஆனால் அது மற்றச் சிங்கங்களிலிருந்து எப்படி வேறுபட்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பிறகு வந்தவர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். அவருடைய பலமும் பலவீனமும் அதுதான் என்று நினைக்கிறேன். கையில் கிடைத்ததற்கு உடனே பெயர் வைத்துவிடுவார். சில பெயர்கள் நின்றன. சில காலப்போக்கில் உதிர்ந்தன. குழியிலிருந்து வந்த எலும்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆற்றுவெள்ளம் புரட்டிக் கலந்த படையில் எது எந்தக் காலத்தது என்று பிரிப்பது இன்றைக்கும் சுலபமில்லை.

1939இல் அவர் நூதனசாலையின் பணிப்பாளரானார். 1963 வரை அந்தப் பதவியில் இருந்தார். இந்தக் காலத்தில்தான் சப்ரகமுவவின் குகைகளில் இறங்கினார். சிவனொளிபாதமலை அடிவாரத்தில், குருவிட்டவுக்கு மேலே இருக்கும் படதொம்பலென குகை, பலாங்கொடையைச் சுற்றியுள்ள இடங்கள், தெற்கே பெல்லன்பெந்திபெலஸ்ஸ என்ற திறந்தவெளித் தலம். அங்கிருந்து கற்கருவிகளும் மனித எலும்புக்கூடுகளும் வந்தன. 1955இல் அந்த மனிதருக்கு 'ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ்' என்று பெயர் வைத்தார். 'பலாங்கொடை மனிதன்' என்று பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தது அதைத்தான். தனி உபவகை என்பதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அவர்கள் உங்களையும் என்னையும் போன்ற மனிதர்களே. ஆனால் பெயர் மாறவில்லை.

அந்த வருடத்தை நான் வேறொரு வருடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில், பலாங்கொடையின் ஆதிமனிதன் பெயர் பெற்றான். அந்த மலைகளின் லயங்களில் இருந்தவர்களுக்கு அதே நேரத்தில் எந்த நாட்டு ஆள் என்ற பத்திரமே இல்லை. எங்கள் தாத்தாவின் காகிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் வருடக்கணக்காகக் காத்துக்கிடந்தன. இதற்கு தெரணியகல பொறுப்பாளி அல்ல. அவர் சட்டம் எழுதவில்லை. ஆனால் பலாங்கொடை மனிதன் பிற்காலத்தில் யார் முதலில் வந்தவர் என்ற சண்டைக்கு இழுக்கப்பட்டபோதெல்லாம், அந்த எலும்புகள் அப்படி எதையும் சொல்லவில்லை என்பதை யாராவது உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அந்த எலும்புகள் சொல்வது வேறு. தெரணியகலவின் மகன் சிரான் தெரணியகல, பின்னாளில் நாட்டின் பெரிய தொல்லியலாளராக ஆனவர், 1970களின் முடிவிலிருந்து படதொம்பலெனவை மறுபடி தோண்டினார். அங்கு மனிதர் வாழ்ந்தது 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை என்று தெரியவந்தது. அந்த மலைக்குகைக்குள் கடற்சிப்பியில் செய்த மணிகள் கிடைத்திருக்கின்றன. கடலிலிருந்து பல பத்துக் கிலோமீற்றர் உள்ளே, மழைக்காட்டுக்குள். யாரோ நடந்து கொண்டுவந்திருக்கிறார்கள், அல்லது கைமாறிக் கைமாறி வந்திருக்கின்றன. கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்ட மாமாவுக்கு நான் சொன்ன பதில் அந்த மணிதான்.

1963ஆம் ஆண்டுக்கு வருவோம். ஓய்வு பெறும் வருடம். ஜனவரி 26ஆம் திகதி கொழும்புக்குத் தெற்கே இரத்மலானைக் கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. நாலரை மீற்றர் நீளம், பெண், அலகு போல் நீண்ட வாய். அறுபத்து மூன்று வயதை நெருங்கிய பணிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் தாமதிக்காமல், புதிய இனம் என்று எழுதினார். 'மெசோப்ளோடன் ஹோட்டவுல' என்று பெயர். கூர்மையான அலகு என்று பொருள்படும் சிங்களச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டே வருடத்தில், 1965இல், வெளிநாட்டு நிபுணர்கள் அது ஏற்கெனவே அறியப்பட்ட ஜின்கோப் பல் திமிங்கிலம்தான் என்று எழுதி, அவருடைய பெயரை ரத்துச் செய்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் அவசரக்காரர் என்ற பேர் அவருக்கு ஏற்கெனவே இருந்ததால் யாரும் பெரிதாக மறுக்கவில்லை. 1976 டிசம்பர் 1ஆம் திகதி அவர் இறந்தபோது அந்தத் திமிங்கிலம் பட்டியலில் இல்லை.

ஆனால் எலும்பு நூதனசாலையில் இருந்தது. கடலோரத்தில் அழுகிப்போயிருக்கவேண்டிய ஒன்றை யாரோ கழுவி, காயவைத்து, சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். 2014இல் மெரல் டேல்பவுட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அந்த எலும்பின் மரபணுவையும், மாலைதீவு, சீஷெல்ஸ், பசிபிக்கின் கிரிபாட்டி, பல்மைரா தீவுகளில் ஒதுங்கியவற்றின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். ஜின்கோப் பல் திமிங்கிலத்திலிருந்து அது வேறு இனம் என்று வந்தது. ஐம்பத்தோரு வருடங்களுக்குப் பிறகு பெயர் திரும்பி வந்தது. இப்போது அது ஆங்கிலத்தில் தெரணியகலவின் அலகுத் திமிங்கிலம் என்றே வழங்குகிறது. உயிரோடு அதைப் பார்த்தவர்கள் இன்றும் மிகச் சிலரே.

கரையோர வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் மிகவும் அலுப்பூட்டியது சீட்டு எழுதுவது. திகதி, நேரம், இடம், அளவு, யார் எடுத்தது. அந்தத் திமிங்கிலக் கதை தெரிந்தபிறகு சீட்டை ஒழுங்காக எழுதாத சக பயிற்சியாளரிடம் நான் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டேன் என்று ஒப்பீட்டளவில் பொறுமைசாலியான என் தோழி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

ஆமைகள் விடயத்திலும் அவருடைய அளவுகளைச் சட்டமும் கரையும் பிறகுதான் எட்டிப்பிடித்தன. 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கடலாமைகளுக்கு முழுப் பாதுகாப்பு 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. 1990களில் தங்காலைக்கு அப்பால் ரெக்கவ கரையில், முட்டை தோண்டி விற்றுப் பிழைத்தவர்களையே காவலுக்கு அமர்த்தி, கூடுகளை இடம் மாற்றாமல் அந்த மணலிலேயே காக்கும் முறை தொடங்கியது. 2006இல் ரெக்கவ சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்படியான கரைகளுக்குப் பருவகாலப் பயிற்சிக்கும் தொண்டுவேலைக்கும் வருபவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பிள்ளைகள். காசு கட்டி வருகிறார்கள். நான் விண்ணப்பித்த முதல் இடம் கேட்ட தொகை அம்மாவின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். இரண்டாவது இடத்தில் காசு கேட்கவில்லை. சாப்பாடும் படுக்கையும் தந்தார்கள். அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் இல்லாததால் எங்கள் பிள்ளைகள் அது தங்களுக்கும் உரியது என்று நினைப்பதில்லை. படதொம்பலெனவுக்குப் போகும் பாதையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாத தோட்டங்களில், அந்தக் குகையின் பெயரைக் கேட்காமலே உயர்தரம் முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் இப்போது கல்லுக்குழிக்குப் போகிறார்கள். தோட்டத்தில் நாள் வேலை குறைந்தபிறகு, ஆற்றோரக் காணிகளில் பங்குக்குத் தோண்டுகிறார்கள். என் சித்தப்பா மகனும் அதில் ஒருவன். போன மாதம் இல்லம் கழுவும்போது கூடையில் நின்ற ஒரு கறுத்த பொருளை, மாணிக்கம் இல்லை என்று தெரிந்தும், வீசாமல் எனக்காக எடுத்துவைத்திருக்கிறான். உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் உடைந்திருக்கிறது, மறுபக்கத்தில் எனாமல் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. யானைப் பல்லின் துண்டாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், எந்தத் திகதி என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி, மாஜரின் டப்பாவுக்குள் பஞ்சு வைத்துப் போட்டிருக்கிறேன். இரத்தினபுரி தேசிய நூதனசாலை எஹெலபொல வளவில் இருக்கிறது. கல்லுக்குழிகளிலிருந்து வந்த பழைய எலும்புகள் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. குழிக்கு லீவு கிடைக்கும் நாளில் அவனையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவனுடைய பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், தமிழில்.